கையில் கொடுத்ததாகச் சொன்ன தூக்குவாளி

“காட்சிக்கூடப் பாதுகாவலர், நிலை இரண்டு. காட்சிப் பொருள்களுக்கு அருகில் அமைதியாக நிற்க வேண்டும். பார்வையாளர்களுடன் தேவையின்றி உரையாடக் கூடாது. பொருள்களைத் தானும் தொடாமல், பிறரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொருள்களின் வரலாறு பற்றிக் கேட்பவர்களை இயக்குநரிடம் அனுப்பிவைக்க வேண்டும்.”

சங்கரன்கோவில் அலங்காரக் கலைக் காட்சியகம் ந. செல்லப்பாவுக்குக் கொடுத்த நியமன ஆணையில் இப்படித்தான் இருக்கிறது. நிலை ஒன்று என்று அங்கே யாரும் கிடையாது. மொத்தமே மூன்று பேர்: இயக்குநர் கோகிலா, கூட்டிப் பெருக்க ஓர் அம்மாள், செல்லப்பா.

செல்லப்பா முப்பத்தொரு வருஷம் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தாறு வயது. அமைதியாக நிற்பது என்பது அவருக்குத் தெரிந்தவரை, டயர் பஞ்சரானால் பயணிகள் செய்கிற வேலை. வாசலில் நாலு பேர் சேர்ந்து நின்றால் போதும், “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் காலியாத்தான கெடக்கு” என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிடும். நுழைவுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு எந்த ஊர் என்று கேட்பார். ஊரைச் சொன்னதும் எந்தத் தெரு என்பார். தெருவைச் சொன்னால் வந்தவரின் அப்பா எந்த நிறுத்தத்தில் ஏறுவார், சில்லறை வைத்திருப்பாரா மாட்டாரா என்பதுவரை வந்துவிடும். பொருள்களைத் தொடுவது பற்றியும் அவருக்குத் தனிக் கொள்கை உண்டு. மரத்தொட்டிலைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் ஞாபகம் வராது, ஒரு தடவை ஆட்டிப் பார்த்தால்தான் வரும் என்பார். கோகிலா அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்து ஆட்டச் சொல்வார்.

காட்சியகம் இருப்பது ரத வீதிக்குப் பின்னால் ஒரு பழைய பெரிய வீட்டில். வாரிசுகள் வெளிநாட்டில் இருந்தார்கள். வீட்டை விற்க அவர்களுக்கு மனமில்லை, வந்து இருக்கவும் மனமில்லை. இந்த மாதிரி வீடுகள்தான் காட்சியகங்கள் ஆகின்றன. வாசுதேவநல்லூரில் இருந்து தினமும் பேருந்தில் வந்துபோகும் கோகிலா, வடக்கே போய் இதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவர். வயது முப்பத்து மூன்று. ஊருக்குள் அவரை எல்லாரும் மேடம் என்றார்கள். செல்லப்பா ஆள் இருந்தால் மேடம் என்றும், ஆள் இல்லாவிட்டால் பிள்ளை என்றும் கூப்பிட்டார்.

2024ஆம் வருஷத்துக்கு கோகிலா நாலு கண்காட்சி போட்டார். ஆண்டறிக்கையைப் படித்தால் நாலும் வெற்றி. உள்ளே நின்று பார்த்த செல்லப்பாவைக் கேட்டாலும் நாலும் வெற்றிதான். ஆனால் இருவரும் ஒரே சங்கதியைச் சொல்லவில்லை.

தை மாதம் நிலைக்கண்ணாடிகள். தேக்குச் சட்டம், பூவேலை, ஓரம் சீவிய பெல்ஜியம் கண்ணாடி. பார்வையாளர் ஒருவர் ஒரு பொருளின் முன்னால் சராசரியாகப் பதினொரு நிமிடம் நின்றார் என்று அறிக்கை பெருமைப்படுகிறது. தலை சீவ அவ்வளவு நேரம் ஆகும்தானே என்றார் செல்லப்பா. கோவிலுக்குப் போகிற பெண்கள் பூவைச் சரிசெய்துகொள்ள உள்ளே வந்துவிட்டுப் போனார்கள். போகும்போது “நல்ல கண்ணாடி, மொகத்த உள்ளபடி காட்டுது” என்று அவரிடம் சான்றிதழும் கொடுத்தார்கள்.

சித்திரையில் பூத்தையல். இரண்டு மான், ஒரு கிளி, “நல்வரவு” என்று நூலால் எழுதிய தலையணை உறைகள். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரிடம் மார்க்குக்காகத் தைத்தவை பாதி, கல்யாணத்துக்குக் கொண்டுபோகத் தைத்தவை பாதி. ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி தன் மானைக் கண்டுபிடித்தாள். “மூணாவது காலு கோணலா இருக்குன்னு டீச்சர் அஞ்சு மார்க்க கொறச்சிட்டா. இப்ப இங்கன கண்ணாடிப் பெட்டியில நிக்குது பாருங்க” என்று சொல்லி, கூட வந்த மருமகளைப் பார்த்தாள். மருமகள் மானைப் பார்த்தாள்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தரை ஓடுகள். பூப்போட்ட ஓடுகளைக் கூடம் முழுக்கப் பாவி, சுற்றிக் கயிறு கட்டியிருந்தார் கோகிலா. தபசு அன்று நுழைவு இலவசம். வெயிலில் நடந்து வந்த சனம் உள்ளே புகுந்தது, கயிற்றைத் தாண்டியது, ஓட்டின் குளுமையை உள்ளங்காலால் தெரிந்துகொண்டது, மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டது. கோகிலா ஓடிவந்தார்.

“அண்ணாச்சி, கண்காட்சி மேல படுத்திருக்காங்க.”

“படுக்கத்தான பிள்ள தரை” என்றார் செல்லப்பா.

“பார்வையாளர்கள் காட்சிப் பொருளோடு நேரடியாக உறவாடினர்” என்று அறிக்கையில் இருக்கிறது.

படுத்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டி நடந்த அன்றுதான் செல்லப்பாவுக்குப் பழைய தபசுக் கூட்டங்கள் ஞாபகத்துக்கு வந்தன. சாயங்காலம் கூட்டம் வடிந்தபின் கோகிலாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் பேருந்தின் முன்னால், டிரைவர் பக்கத்து எஞ்சின் மூடிமேல், எப்போதும் பத்துப் பாத்திரமாவது இருக்கும். ஊர்களில் இருந்து சங்கரன்கோவிலுக்குச் சாப்பாடு போகும். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவருக்கு, ஹாஸ்டலில் படிக்கிற பிள்ளைக்கு, கட்டிக் கொடுத்த மகளுக்கு. சுமந்துபோக ஆள் கிடையாது. நிறுத்தத்தில் ஒருவர் பாத்திரத்தை நடத்துநரிடம் கொடுப்பார், இறங்குமிடத்தில் ஒருவர் காத்திருந்து வாங்கிக்கொள்வார், மறுநாள் காலிப் பாத்திரம் அதே பேருந்தில் திரும்பும். சீட்டு கிடையாது, ரசீது கிடையாது. எஞ்சின் சூட்டில் சோறு ஆறாமலே போய்ச் சேரும். மூடியைத் திறக்காமலே எந்த வீட்டுக் குழம்பு என்று செல்லப்பா சொல்லிவிடுவார். திருவேங்கடம் ஊர்ப் பக்கத்துப் பூண்டுக் குழம்பு ஏறிவிட்டால், பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பசியெடுக்கும்.

“கலந்துராதா?” என்றார் கோகிலா.

“எப்படிக் கலக்கும்? எல்லாத்துலயும் பேரு வெட்டியிருக்கும்லா. முப்பத்தொரு வருசம் பிள்ள. ஒத்த வாளி தொலைஞ்சதில்ல.”

இதை அவர் நூறு இடத்தில் சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற்ற அன்று நடந்த கூட்டத்தில் சொன்னார். பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார். கோகிலா கேட்டதும் எழுதிக்கொண்டார். அடுத்த கண்காட்சி அங்கேயே முடிவாகிவிட்டது: பெயர் வெட்டிய பாத்திரங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பொருள் எல்லாம் ஊர் வீடுகளில் இருந்து இரவல். நுழைந்ததும் ஒரு பெரிய பலகை: செல்லப்பாவின் இளவயதுப் படம், தோளில் தோல்பை, கீழே எழுத்து. “முப்பத்தொரு ஆண்டுகளில் ஒரு பாத்திரத்தையும் தொலைக்காத நடத்துநர்.”

பாத்திரங்கள் செப்டம்பரில் வர ஆரம்பித்தன. குடம், அண்டா, சம்படம், கும்பா. கோகிலா ஒவ்வொன்றுக்கும் எண் போட, செல்லப்பா கொண்டுவந்தவர் பெயரைச் சொல்ல, பதிவேடு வளர்ந்தது. மூன்றாம் வாரத்தில் மைதீன் பாட்சா வந்தார். திருவேங்கடம் சாலையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், இப்போது அங்கேயே பைக் உதிரிபாகம் விற்கிறார். துணியில் சுற்றிய ஒன்றை மேசைமேல் வைத்துப் பிரித்தார். ஈயம் பூசிய பித்தளைத் தூக்குவாளி. மூடியில் ஒரு நெளிவு. கைப்பிடியின் ஒரு காது விட்டுப்போய், அதைச் செப்புக் கம்பியால் கட்டியிருந்தது. வயிற்றில் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து: சீ. மாரித்தாய் 1971.

“இது எங்களுது இல்ல மேடம்” என்றார் மைதீன் பாட்சா. “தொண்ணூத்தேழு தபசு அன்னைக்கு. பஸ்ஸ எல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க, எங்க கடை முன்னால வரிசையா நிக்கு. சனங்க மூட்டைய சன்னல் வழியாத்தான் எறக்குறாங்க. நான் கீழ நின்னு வாங்கி வாங்கி வைக்கேன். அப்ப ஒரு கை இந்த வாளிய நீட்டுச்சு. வாங்கி வச்சேன். எல்லாரும் அவங்கவங்க மூட்டைய எடுத்துட்டுப் போயிட்டாங்க. இது மட்டும் நின்னுக்கிட்டு.”

“விசாரிக்கலியா?”

“விசாரிக்காமலா? மாரித்தாய்னு மூணு பேரு வந்தாங்க. மூணு பேரும் பாத்துட்டு எங்களுது இல்லன்னு போயிட்டாங்க. பேரு மட்டும்தான இருக்கு, ஊரு இல்லியே.”

சங்கரன்கோவில் வட்டாரத்தில் மாரித்தாய் என்று கூப்பிட்டால் ஒரு பேருந்தில் பாதி திரும்பிப் பார்க்கும் என்பது உண்மைதான்.

“உள்ள என்ன இருந்துச்சு?” என்றார் கோகிலா.

“புளிச்சோறு. ராத்திரி வரைக்கும் வச்சுப் பாத்தோம். வீணாப் போயிரும்னு சாப்பிட்டுட்டோம். அல்லா மன்னிக்கட்டும், நல்லா இருந்துச்சு.”

“எந்த பஸ்ஸு?”

“தெரியல மேடம். இருபது பஸ்ஸு நின்னுச்சு. கண்டக்டர் மூஞ்சிய நான் பாக்கல. கைதான் பாத்தேன்.”

செல்லப்பா தம் கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.

அந்தச் செப்புக் கம்பியைக் கட்டியது அவர்தான். ஒருநாள் காது விட்டுப்போன வாளியை, பணிமனையில் வயர்க்காரரிடம் கம்பி வாங்கி, இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கினார். வாளி இளையரசனேந்தல் மாரித்தாயுடையது. அவருடைய மகள் சுகிர்தாவை சங்கரன்கோவிலில் கோமதித்தாய் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. தொண்ணூத்தேழில் சுகிர்தா ஐந்து மாதம். மசக்கை விட்டபாடில்லை, அம்மா வீட்டுப் புளிச்சோறு ஒன்றுதான் வயிற்றில் தங்கியது. வாரத்துக்கு இரண்டு முறை வாளி வரும். கோமதித்தாய் பேருந்து நிலையத்தில் நின்று வாங்கிக்கொள்வார்.

தபசு அன்று பேருந்து நிலையம்வரை பேருந்து போகவில்லை. நெரிசலில் வண்டி நின்றது, திருப்பி விடச் சொல்லிப் போலீஸ்காரர் தகரத்தைத் தட்டினார். செல்லப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம், “கோமதியக்கா வாளி” என்று குரல் கொடுத்தார். அந்த இரைச்சலில் பெயர் யார் காதிலும் விழுந்திருக்காது. ஒரு கை நீண்டது. கொடுத்தார். வண்டி திரும்பியது.

மறுநாள் கோமதித்தாய் வாளி வரவில்லை என்று சொல்லி அனுப்பினார். மாரித்தாய் நிறுத்தத்துக்கு வந்து செல்லப்பாவைக் கேட்டார். வண்டி நிறையக் கூட்டம், நேரம் வேறு ஆகியிருந்தது.

“கையில கொடுத்தேம்மா” என்றார் செல்லப்பா, விசிலை எடுத்தபடி.

அது பொய்யும் இல்லை. ஒரு கையில்தான் கொடுத்தார். கையில் கொடுத்தேன் என்றால் கோமதித்தாய் கையில் என்றுதான் கேட்டவர் எடுத்துக்கொள்வார் என்பது தெரியாதவரும் அல்ல அவர். நாளைக்குத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். நாளைக்கு வேறு தடத்தில் ஆறு மாதம் மாற்றிப் போட்டுவிட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது காரியம் இறுகிப்போயிருந்தது. வாளி மாரித்தாய்க்கு அவருடைய அம்மா கொடுத்த சீர். “கண்டக்டரு கையில கொடுத்தேங்காரு. அவரு எதுக்குப் பொய் சொல்லப் போறாரு” என்று மாரித்தாய் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். சுகிர்தாவுக்குப் பிள்ளை பிறந்தது, பெயர் வைத்தார்கள், காது குத்தினார்கள். எல்லாவற்றுக்கும் மாரித்தாய் வந்தார். வந்து உட்கார்ந்து, பேரப்பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, கை நனைக்காமல் எழுந்து போனார். சம்பந்தி வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. இருபத்தேழு வருஷம். தெருவில் கோமதித்தாய்க்கு வாளிக்காரி என்று பெயர் விழுந்தது.

இதெல்லாம் செல்லப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒத்த வாளி தொலைந்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல, தொலைந்த அந்த ஒன்று வாளிக் கணக்கிலேயே சேராத ஏதோவொன்றாக அவர் மனதுக்குள் ஒதுங்கிவிட்டது. மனிதன் பொய் சொல்வதற்கு ரொம்பச் சிரமப்பட வேண்டியதில்லை. ஒரே உண்மையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும், மற்ற உண்மை தானாக வாயை மூடிக்கொள்ளும்.

கண்காட்சி திறந்தது. வருஷத்திலேயே அதிகக் கூட்டம் அதற்குத்தான். முதல் வாரம் கோகிலா பூரித்துப் போனார். இரண்டாம் வாரம் தலையில் கை வைத்தார். எந்த வீட்டுப் பெயர் எந்த வீட்டில் இருந்து வந்திருக்கிறது என்று ஊருக்கு மொத்தமாகத் தெரிந்துபோனது.

“இது எங்க அத்த குடம். இரவல் கொடுத்தது யாருன்னு போட்டிருக்கு? அவனா?”

“சாவு வீட்டுக்குச் சோறு கொண்டு போனது. பதினாறு முடிஞ்சதும் தாரேன்னான். அவன் பதினாறே முடிஞ்சு போச்சு.”

“எழுத்த அரத்தால ராவியிருக்கான் பாருங்க, ‘ந’ மட்டும் நிக்கி.”

செல்லப்பாதான் தீர்த்துவைத்தார். ஒரே இருக்கைக்கு இரண்டு பேர் துண்டு போட்ட எத்தனையோ வழக்கைப் பார்த்தவருக்கு இது பெரிய காரியமில்லை. “குடம் இங்கனதான நிக்கி, ஓடவா போவுது? டிசம்பர் வரைக்கும் ரெண்டு பேரும் வந்து பாத்துட்டுப் போங்க. அதுக்குள்ள ஒருத்தருக்கு மனசு மாறும்.” மாறவும் மாறியது. சண்டை போட்டவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, அந்தக் குடத்தில் தண்ணீர் எடுத்த அடிபம்பு எங்கே இருந்தது என்பதில் வந்து முடித்தார்கள்.

அவருடைய சொந்த வழக்குத்தான் நகரவில்லை. எண் நாற்பத்து மூன்று, தூக்குவாளி. தினமும் காலையில் வந்ததும் அதன் எழுத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். கோகிலா மத்தியானம் அதை முன்பக்கம் திருப்பினார். யாரோ தொடுகிறார்கள் என்று கோகிலா ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து அதைமட்டும் மூடினார், எழுத்து வெளியே தெரியும்படி. கூட ஒரு விளக்கும் போட்டார். ஊரில் மாரித்தாய்க்குப் பஞ்சமா என்று, பார்த்தவர்கள் கடந்து போனார்கள்.

டிசம்பர் இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை, நிறைவு விழா. செல்லப்பாவுக்குப் பொன்னாடை. அவர் பேருந்தில் பாத்திரம் அனுப்பிய ஒருவர் பேச வேண்டும் என்று கோகிலா தேடி, இளையரசனேந்தலுக்கே போய் ஒருவரைப் பிடித்துவிட்டு வந்தார்.

“மாரித்தாய்னு பேரு அண்ணாச்சி. எழுபத்திரண்டு வயசு. உங்களப் பத்தி அப்படிச் சொல்லுதாங்க. பத்து மணி பஸ்ல வாரேன்னுருக்காங்க.”

செல்லப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். வாளியை எடுத்துச் சரக்கறையில் வைத்துவிடலாம். சாவி அவரிடம்தான் இருக்கிறது. காது கம்பி விட்டுப்போச்சு, பழுதுபார்க்க வேண்டும் என்றால் கோகிலா நம்பிவிடுவார். ஒருநாள் பாடு.

“அவங்க சம்பந்தி இந்த ஊர்தானாம், கோமதித்தாய். அவங்களயும் கூப்பிட்டேன். வர மாட்டேன்னுட்டாங்க” என்றார் கோகிலா. “செப்டம்பர்ல பாத்திரம் கேட்டுப் போனப்பவும் தரல. என்ன சொன்னாங்க தெரியுமா? ‘என் வீட்டுப் பாத்திரத்தக் கொண்டு வச்சா, ஊரு அதுல யாரு பேரு இருக்குன்னுதான் மொதல்ல தேடும் மக்கா, எனக்கு வேண்டாம்’னாங்க. எதுக்கு அப்படிச் சொன்னாங்கன்னு புரியல.”

செல்லப்பாவுக்குப் புரிந்தது. சரக்கறைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு, “பிள்ள, அந்த நாப்பத்து மூணு இருக்குல்லா” என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை, அது அவருக்குப் பழக்கமில்லாத காரியம்.

கோகிலா கேட்டுவிட்டு வாசல் பலகையைப் பார்த்தார். “இத என்ன செய்ய அண்ணாச்சி?”

“கழட்டிப் போடு.”

“படம் இருக்கட்டும். எழுத்த மாத்திருதேன்” என்றார் கோகிலா. “ஆனா வாளிய வெளிய விடணும்னா, கொடுத்தவர் சம்மதம் வேணும். அது விதி.”

மைதீன் பாட்சாவிடம் போனார்கள். அவர் செல்லப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதானா அது. நான் கொஞ்சம் பெரிய கைன்னுல்லா நெனச்சேன்” என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். “நான் சொந்தக்காரன் இல்ல அண்ணாச்சி, வச்சிருந்தவன். தாராளமா கொண்டு போங்க. சோறு நல்லா இருந்துச்சுன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிருங்க.”

சனிக்கிழமை சாயங்காலம் செல்லப்பா வாளியோடு கோமதித்தாய் வீட்டு வாசலில் நின்றார். கோமதித்தாய் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் ஆளைப் பார்க்கவில்லை, வாளியைத்தான் பார்த்தார்.

“எங்க இருந்துச்சு?”

“சைக்கிள் கடை பாய் வீட்டுல. நான்தான் கொடுத்திருக்கேன். உங்க கைன்னு நெனச்சுக் கொடுத்துட்டேன்க்கா.”

“என் கைன்னு நெனச்சா, ஒருதடவ எட்டி மூஞ்சியப் பாக்கக் கூடாதாக்கும்?”

“கூட்டம்.”

“அன்னைக்குக் கூட்டம். சரி. மறுநாளு? அதுக்கு மறுநாளு?” கோமதித்தாய் முறத்தைக் கீழே வைத்தார். “ஏய்யா செல்லப்பா, இருபத்தேழு வருசமா இந்தத் தெருவுல ஒரு கரண்டி காணாமப் போனாலும் எல்லார் கண்ணும் என் வாசலுக்கு வந்துட்டுத்தான் போகும். கல்யாண வீட்டுல பந்தி முடிஞ்சதும் நான் மொத ஆளா எந்திரிச்சு வந்துருவேன். எதுக்குத் தெரியுமா? பாத்திரம் எண்ணுத நேரத்துல நான் அங்கன நிக்கக் கூடாதுன்னு.”

நியமன ஆணையில் சொன்ன அமைதி அப்போதுதான் செல்லப்பாவுக்கு வந்தது.

“ஒத்த வாளி தொலைச்சதில்லன்னு ஒரு பலகை வச்சிருக்கியாமே. ஊரெல்லாம் சொல்லுதாவ.”

“மாத்தச் சொல்லிட்டேன்.”

“நல்லாத்தான் இருந்திருப்பே அதுல. சின்ன வயசுல பாக்க லெச்சணமாத்தான் இருப்பே” என்றார் கோமதித்தாய். அது பாராட்டா என்று செல்லப்பாவுக்கு விளங்கவில்லை. “இப்ப எங்க கெளம்பிட்டே?”

“நாளைக்கு விடியக்காலம் மொத பஸ்ல இளையரசனேந்தல். அவங்க விழாவுக்குக் கெளம்புததுக்கு முன்னால சொல்லிரணும். மேடையில வச்சு என்னப் பத்தி நல்லதா நாலு வார்த்த பேசிட்டாங்கன்னா, பொறவு என்னால வாயத் தொறக்க முடியாது.”

“நானும் வாரேன்.”

“நீங்க எதுக்குக்கா?”

“நீ அங்க போயி, கையில கொடுத்தேன்னு மறுபடி சொல்லிட்டு வந்துட்டேன்னா?”

காலை ஆறே முக்காலுக்குப் பேருந்து. செல்லப்பா இரண்டு சீட்டுக்குப் பணம் நீட்டினார். கோமதித்தாய்க்குக் காசு வேண்டாம், பெண்களுக்கு இலவசம் என்று இளைஞனான நடத்துநர் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தான். வாளியை முன்னால் வைக்கச் சொன்னான். செல்லப்பா வைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார். முன்னால் பாத்திரம் ஒன்றும் இல்லை. ஒரு கூரியர் பொட்டலமும் கோழித்தீவன மூட்டையும் இருந்தன. கரிசல் காட்டில் பனி விலகாமல் கிடந்தது. மக்காச்சோளத் தட்டை காய்ந்து நின்றது. ஒவ்வொரு நிறுத்தம் வரும்போதும் யார் வீட்டு வாளி எந்த மணிக்கு ஏறும் என்று அவருக்கு வரிசையாக ஞாபகம் வந்துகொண்டிருந்தது. தூக்குச்சட்டியோடு அங்கே காத்து நின்றவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. சொல்லிக்கொண்டு வரலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தார்.

“பேசாம வா” என்றார் கோமதித்தாய். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாத்தான் பொங்குவா அவ புளிச்சோறு. நான் சொன்னேன்னு சொல்லிராத.”

மாரித்தாய் விழாவுக்குப் போவதற்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலிக்கு எண்ணெய் போட்ட வாசனை அடித்தது. செல்லப்பாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“வாங்க கண்டக்டரே. என்னக் கூட்டிட்டுப் போகவா இம்புட்டுத் தூரம் வந்தீய? உங்களப் பத்தித்தான் பேசச் சொல்லிருக்கா அந்தப் பிள்ள. ராத்திரியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தேன்.”

பின்னால் நின்ற சம்பந்தியைக் கண்டதும் முகம் சுருங்கியது. அப்புறம் செல்லப்பாவின் கையில் இருந்ததைப் பார்த்தார். எழுந்திருக்க முயன்று, முழங்கால் விடாமல், மறுபடி உட்கார்ந்தார்.

“இவ வீட்டுல இருந்தா எடுத்தீய?” என்றார்.

கோமதித்தாய் செல்லப்பாவைப் பார்த்தார்.

பத்து மணிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சங்கரன்கோவிலில் பந்தலுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்லப்பா வாளியை மாரித்தாய் மடியில் வைத்தார். தொண்ணூத்தேழு தபசு அன்று அதைக் கோமதித்தாயிடம் கொடுக்கவில்லை என்றும், யார் என்று பார்க்காமல் ஜன்னல் வழியாக வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் கையில் கொடுத்தேன் என்று மாரித்தாயிடம் சொன்னதாகவும், கோமதித்தாய் கேட்கும்படி சொன்னார்.